மலைப்பாம்பும் அதன் முதலாளிகளும்

ரிவால்வரின் விசையை இழுக்கும்போது, உள்ளே விரல் நகத்தைவிட ஒல்லியான ஒரு எஃகுத் துண்டு மேலே எழும்பி, ஆறு தோட்டாக்களைச் சுமந்திருக்கும் உருளையை ஆறில் ஒரு பங்கு சுற்றிவிடும். துப்பாக்கிப் பட்டறைகளில் அந்தத் துண்டுக்குப் பெயரே ‘கை’தான். பெரும்பாலான ரிவால்வர்களில் உருளையைச் சுற்றிவிட்டதும் கையின் வேலை முடிந்துவிடும். கோல்ட் நிறுவனத்தின் ‘பைத்தான்’, அதாவது ‘மலைப்பாம்பு’, என்ற ரிவால்வரில் முடியாது. விசை முழுதும் பின்னால் வந்த பிறகும் கை உருளையை அழுத்திக்கொண்டே இருக்கும். கீழே ஒரு தாழ் உருளையின் பள்ளத்தில் விழுந்து எதிர்ப்பக்கம் தாங்கும். இரண்டுக்கும் நடுவே உருளை துளிகூட ஆடாது. தோட்டாவும் குழலும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். வங்கிப் பெட்டகத்தின் கதவு போல என்று அமெரிக்கர்கள் இதைச் சொல்வார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு தொல்லை உண்டு. எப்போதும் அழுத்திக்கொண்டிருப்பதால் கையின் நுனி தேயும். மயிரிழை அளவு தேய்ந்தால் போதும், உருளை சரியான இடத்துக்கு வந்து சேருமுன் சுத்தியல் விழுந்துவிடும். ‘டைமிங் போய்விட்டது’ என்பார்கள். சரிசெய்ய, அரமும் பொறுமையும் பல வருஷப் பழக்கமும் உள்ள ஒரு ஃபிட்டர் வேண்டும். புதிதாகச் செய்யும்போதும் அப்படியே. ஒவ்வொரு துப்பாக்கியின் கையையும் ஒரு மனிதர் தன் கையால் ராவி, பொருத்திப் பார்த்து, மறுபடி ராவியாக வேண்டும். பைத்தானின் புகழ் முழுவதும் அந்த ஃபிட்டரின் பெஞ்சில் இருந்தது. அந்த பெஞ்சு யாருக்குச் சொந்தமாக இருந்தது, அவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தத் துப்பாக்கியின் வாழ்க்கைக் கதை.

நீலக் குவிமாடம்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத் தலைநகர் ஹார்ட்ஃபோர்டில், நதியோரமாகப் போகும் நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் வெங்காய வடிவில் ஒரு நீலக் குவிமாடம் தெரியும். அதன் உச்சியில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் ஒரு குதிரைக்குட்டி. ‘கோல்ட்’ என்றால் ஆங்கிலத்தில் ஆண் குதிரைக்குட்டி. நிறுவனரின் குடும்பப் பெயரும் அதுதான்.

சாமுவேல் கோல்ட் முதலில் தொழில் தொடங்கியது ஹார்ட்ஃபோர்டில் அல்ல. 1836-இல் நியூஜெர்சியின் பேட்டர்சனில், உறவினர்களும் வெளியாரும் போட்ட பங்குப் பணத்தில் தொடங்கினார். பங்குதாரர்களோடு சண்டை, அரசு ஆர்டர் வரவில்லை. 1842-இல் கதவை மூடினார்கள். 1847-இல் சாமுவேல் வாக்கர் என்ற ராணுவ கேப்டன் மூலம் ஆயிரம் ரிவால்வர்களுக்கு ஆர்டர் வந்தபோது கோல்ட்டிடம் சொந்தத் தொழிற்சாலைகூட இல்லை. எலை விட்னி ஜூனியரின் ஆலையில் செய்துகொடுத்தார். சூடு கண்ட பூனையாகிவிட்ட அவர், அதன்பின் நிர்வாகத்தைக் கடைசிவரை தன் பிடியிலேயே வைத்துக்கொண்டார். 1855-இல் ஹார்ட்ஃபோர்டில் பெரிய ஆயுதச் சாலை எழுந்தது. 1862-இல் அவர் இறந்தார். 1864-இல் ஆலை தீப்பிடித்து எரிந்தது. மனைவி எலிசபெத் அதைத் திரும்பக் கட்டினார். குவிமாடமும் மீண்டும் எழுந்தது. 1901-இல்தான் குடும்பத்தின் கையைவிட்டு நிறுவனம் வெளி முதலீட்டாளர்களுக்குப் போனது.

இரண்டு உலகப்போர்களும் ஆலையை நிரப்பின. கொரியப் போரும் ஓய்ந்தபின் அது காற்றுவாங்கியது. இயந்திரங்கள் பழசு, அரசு ஆர்டர் இல்லை, கையிருப்பு கரைகிறது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் நம் மலைப்பாம்பு பிறந்தது.

பிறந்த ஆண்டே கைமாறியது

1955-இல் பைத்தான் விற்பனைக்கு வந்தது. விலை 125 டாலர். அந்தக் காலத்து ரிவால்வருக்கு அது கூடுதல்தான். .357 மேக்னம் தோட்டா, ஆறு அங்குலக் குழல், குழலின் மேல் காற்றோட்டத் துளைகள் கொண்ட பட்டை, கீழே குழலின் நுனிவரை ஓடும் கனமான அடிப்பகுதி. குறிபார்த்துச் சுடும் பந்தயக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்த பொருள். முன்கனம் இருந்ததால் சுடும்போது துள்ளல் குறைந்தது.

பார்ப்பவரை முதலில் இழுத்தது நிறம். ‘ராயல் ப்ளூ’ என்று கோல்ட் பெயர் வைத்தது. இது பெயிண்ட் அல்ல. எஃகின் மேற்பரப்பையே ரசாயன முறையில் மெல்லிய கருநீலப் படலமாக மாற்றுவது. படலம் எல்லாத் துப்பாக்கிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அழகு அதற்கு முந்தைய மெருகில் இருக்கிறது. தோல் சுற்றிய சக்கரங்களில், ஒன்றைவிட ஒன்று நைசான உராய்பொடி தடவி, படிப்படியாகத் தேய்ப்பார்கள். தட்டையான இடம் தட்டையாகவே இருக்கவேண்டும். திருகாணித் துளையின் ஓரம் குழிவிழக் கூடாது. பொறித்த எழுத்தின் விளிம்பு மழுங்கக் கூடாது. மழுங்கியிருந்தால் கத்துக்குட்டி கைவைத்த துப்பாக்கி என்று அர்த்தம். நன்றாகத் தேய்த்த பைத்தானில் முகம் தெரியும். நிறம், நள்ளிரவில் எட்டிப் பார்த்த கிணற்று நீர் மாதிரி இருக்கும்.

அதே 1955-இல் கோல்ட் விற்கப்பட்டது. வாங்கியது பென்-டெக்சஸ் என்ற நிறுவனம். ஜெர்மனியில் பிறந்த லியோபோல்ட் சில்பர்ஸ்டைன், ஒரு பழைய நிலக்கரிக் கம்பெனியைப் பிடித்து, அதை வைத்து மற்ற கம்பெனிகளை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். கோல்ட் அவர் வண்டியில் ஏற்றிய மூட்டைகளில் ஒன்று. ஃபேர்பேங்க்ஸ் மோர்ஸ் என்ற பெரிய எஞ்சின் நிறுவனத்தையும் பிடிக்கப்போய், அந்தச் சண்டையில் 1958-இல் அவரே வெளியேற்றப்பட்டார். மிஞ்சியது 1959-இல் ஃபேர்பேங்க்ஸ் விட்னி ஆனது. 1964-இல் கோல்ட் இண்டஸ்ட்ரீஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கார்புரேட்டர், டீசல் எஞ்சின், எஃகு, விமானத்தின் தரையிறங்கு சக்கரக் கருவி என்று எதையெதையோ செய்த அந்தக் கூட்டுக் கம்பெனிக்கு, தன்னிடம் இருந்ததிலேயே ஊருக்குத் தெரிந்த பெயர் ஒரு துப்பாக்கியின் பெயர்தான் என்று புரிந்திருந்தது. துப்பாக்கிப் பிரிவு அதற்குள் ஒரு சிறு அறை. பெயர்ப்பலகை மட்டும் வாசலில்.

‘பெரிய கம்பெனி வாங்கியது, தரம் கெட்டது’ என்று ஒரே மூச்சில் சொல்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பைத்தானின் பொற்காலம் என்று சேகரிப்பாளர்கள் கொண்டாடும் 1950-களும் 60-களும் முழுக்க முழுக்க இந்தக் கூட்டுக் கம்பெனி முதலாளிகளின் காலம். முதலாளி மாறிய மறுநாளே ஃபிட்டரின் அரம் மாறிவிடவில்லை. பழைய ஆசானிடம் கற்றவர் அதே பெஞ்சில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். புதிய முதலாளி வாங்கியது ஆலையை மட்டுமல்ல, நூறு ஆண்டுகளாகச் சேர்ந்த கைத்திறனையும். அதற்கு அவர் தனியாக விலை எதுவும் கொடுக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. கட்டம் இல்லாத சொத்து கரையும்போது கணக்கரின் கண்ணுக்குப் படாது.

ஆட்சிக்கு வந்த தம்பி

1959-இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் ஆர்மலைட் பிரிவிடமிருந்து ஏஆர்-15 என்ற இலகுவான ரைஃபிளின் உரிமையைக் கோல்ட் வாங்கியது. முன்பணம் 75,000 டாலர், அதற்குமேல் விற்பனையில் பங்கு. 1963-இல் அமெரிக்க ராணுவமும் விமானப்படையும் சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் மேல் ஆர்டர் கொடுத்தன. வியட்நாம் போர் விரிந்தது. எம்-16 என்ற பெயரில் அந்த ரைஃபிள் கோல்ட்டின் சோற்றுப்பானை ஆகிவிட்டது.

ராணுவ ரைஃபிளின் தர்மம் வேறு. அங்கே எல்லாப் பாகமும் எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தவேண்டும்; ராவிப் பொருத்த யாரும் இருக்கக்கூடாது. லட்சக்கணக்கில் போகும் ரைஃபிளுக்குப் பக்கத்தில், ஒவ்வொன்றாய் ராவப்படும் ரிவால்வர் நிர்வாகத்தின் கண்ணில் என்னவாகத் தெரிந்திருக்கும்? வீட்டில் எல்லோரும் மதிக்கும், ஆனால் யாரும் செலவு செய்ய விரும்பாத தாத்தாவாகத்தான்.

1969-இல் கோல்ட் ‘மார்க் 3’ என்ற புதிய ரிவால்வர் வரிசையைக் கொண்டுவந்தது. உலோகத்தூளை அச்சில் அழுத்திச் சுட்டெடுத்த உள்பாகங்கள், சுருள் வில், குறைந்த கைவேலை. உறுதியான துப்பாக்கிதான். ஆனால் அது ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது: ராவிப் பொருத்தும் கலை இனி லாபத்துக்கு ஆகாது என்று கம்பெனியே முடிவுகட்டிவிட்டது. பைத்தான் மட்டும் பழைய முறையிலேயே தொடர்ந்தது. அதுதான் விளம்பரத்தின் முகம். அதைத் தொடத் துணிச்சல் இல்லை. ஃபிட்டர்கள் ஓய்வுபெறப் பெற, அந்த பெஞ்சுகளில் அதே பழக்கத்தோடு உட்கார ஆள் குறைந்துகொண்டே வந்தது.

பந்தயக்காரர்கள் இதை நிர்வாகத்துக்கு முன்பே மோப்பம் பிடித்துவிட்டார்கள். 1970-களில் காவலர்களுக்கான சுடும் போட்டிகளில் ஒரு கலப்பினம் புழங்கியது. எதிரி நிறுவனமான ஸ்மித் & வெஸனின் உடல், அதில் கோல்ட் பைத்தானின் குழல். ‘ஸ்மைத்தான்’ என்று பெயர் சூட்டினார்கள். குழல் கோல்ட்டினுடையதுதான் உசத்தி, உள் இயந்திரமோ பழுதுபார்க்க ஸ்மித்தினுடையதே எளிது என்பது அவர்கள் தீர்ப்பு. வாடிக்கையாளர் தன் பொருளைப் பாதியாக வெட்டி, பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதைவிட ஒரு நிறுவனத்துக்குத் தெளிவான மதிப்பெண் பட்டியல் கிடைக்காது.

நான்கு வருஷ வேலைநிறுத்தம்

1985-இல் அமெரிக்க ராணுவம் கோல்ட் 1911 பிஸ்டலைக் கைவிட்டு இத்தாலியின் பெரெட்டாவை எடுத்துக்கொண்டது. எழுபது ஆண்டு உறவு முறிந்தது. காவல்துறைகளும் ரிவால்வரிலிருந்து தானியங்கி பிஸ்டலுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஆஸ்திரியாவிலிருந்து க்ளாக் வந்துகொண்டிருந்தது. காலம் மாறியதற்கு முதலாளியைக் குறைசொல்ல முடியாது.

1986 ஜனவரியில் நடந்ததற்குச் சொல்லலாம். ஒப்பந்தம் இல்லாமல் பல மாதம் வேலைசெய்த தொழிலாளர்கள், மோட்டார் தொழிலாளர் சங்கத்தின் கிளையின் கீழ் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கம்பெனி பணியவில்லை, வெளியிலிருந்து மாற்று ஆட்களை எடுத்தது. நான்கு ஆண்டுகள் இழுத்தது. கனெக்டிகட்டின் வரலாற்றில் மிக நீண்ட வேலைநிறுத்தங்களில் ஒன்று அது.

அந்த வாசலில் பதாகை பிடித்து நின்றவர்களில் இருபது, முப்பது வருஷம் துப்பாக்கி ராவியவர்களும் இருந்தார்கள். உள்ளே அவர்கள் பெஞ்சில் புதியவர்கள். கைத்திறன் கணக்குப் புத்தகத்தில் இல்லை என்றேனே, அது தெருவில் நின்றுகொண்டிருந்தது. 1988-இல் எம்-16 ஒப்பந்தத்தையே ராணுவம் பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. சோற்றுப்பானை உடைந்தது. தொழிலாளர் உறவு வாரியத்தின் நீதிபதியும் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்.

இன்றும் பழைய பைத்தான் ஒன்று விலைக்கு வந்தால், விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது வரிசை எண்ணை. எண்ணிலிருந்து ஆண்டு தெரியும். ஆண்டிலிருந்து யார் பெஞ்சில் இருந்திருப்பார்கள் என்று தெரியும். அந்த நான்கு ஆண்டில் வெளிவந்த எல்லாமே மோசம் என்பது நியாயமில்லை, நல்லவையும் உண்டு. ஆனால் பெயரைப் பார்த்து வாங்கிய காலம் போய் எண்ணைப் பார்த்து வாங்கும் காலம் வந்துவிட்டது. ஒரு பிராண்டுக்கு இதைவிட என்ன இறக்கம் வேண்டும்?

1990-இல் கோல்ட் இண்டஸ்ட்ரீஸ் துப்பாக்கிப் பிரிவைத் தலைமுழுகியது. பெயர்ப்பலகையைக் கொடுத்தாக வேண்டியிருந்ததால் தன்னைக் ‘கோல்டெக்’ என்று மாற்றிக்கொண்டது. துப்பாக்கியை விற்றபின்னும் பெயரின் முக்கால்வாசியை விட மனம் வரவில்லை.

தொழிலாளியே முதலாளியானபோது

புதிய முதலாளிகள் விசித்திரமான கூட்டணி: தனியார் முதலீட்டாளர்கள், தொழிலாளர் சங்கம், கனெக்டிகட் மாநில அரசு. அரசு தன் ஓய்வூதிய நிதியிலிருந்து 2.5 கோடி டாலர் போட்டு 47 சதவீதப் பங்கை எடுத்தது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் உள்ளே திரும்பினார்கள், பங்கோடு. நல்ல முதலாளி கிடைத்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை இருக்க முடியாது.

அந்தக் கம்பெனி தன் எதிர்காலத்தை ஒரு புதிய பிஸ்டல்மீது வைத்தது: ஆல் அமெரிக்கன் 2000. வடிவமைத்தவர்கள் சாமானியர்கள் இல்லை. ஒருவர் ஏஆர்-15-ஐ உருவாக்கிய யூஜின் ஸ்டோனர். இன்னொருவர் ரீட் நைட். ஆனால் அவர்களிடமிருந்து வாங்கிய வடிவத்தைக் கோல்ட்டில் மாற்றினார்கள். விசை இழுக்கக் கனத்தது. 1991-இல் கடைக்கு வந்தது. குறி தவறுகிறது என்ற புகார், பிறகு பாதுகாப்புக் கோளாறுக்காகத் திரும்ப அழைப்பு. சில ஆண்டிலேயே மூட்டைகட்டினார்கள். இடையில், 1992-லேயே நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயிருந்தது. நல்ல மனம் கொண்ட முதலாளியிடமும் பணமும் அவகாசமும் இல்லையென்றால் பொருள் அரைவேக்காடாகத்தான் வெளியே போகும்.

1994-இல் டொனால்ட் சில்கா தலைமையிலான முதலீட்டாளர்கள் வாங்கினார்கள். அதே ஆண்டு கோல்ட், குவிமாடத்து ஆலையைவிட்டு வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டுக்கு முழுதாக இடம்பெயர்ந்தது. பைத்தானின் வழக்கமான உற்பத்தி 1990-களின் பிற்பகுதியில் நின்றது. பிறகு கொஞ்சகாலம் சிறப்புப் பட்டறையில் கேட்டவர்களுக்கு மட்டும். 2000-களின் நடுவில் அதுவும் முடிந்தது. ஐம்பது வயதில் மலைப்பாம்பு கண்மூடியது.

பெயர் கெடத் தரம் கெடவேண்டியதில்லை

1997 கடைசியில் கோல்ட்டின் அப்போதைய தலைவர், துப்பாக்கி வைத்திருக்க மத்திய அரசு அனுமதி முறை தேவை என்ற பொருளில் ஒரு தொழில் பத்திரிகையில் எழுதினார். துப்பாக்கி வாங்குபவர்கள் கொதித்தார்கள். விரைவில் அவர் பதவி விலகினார். எஃகில் ஒரு கீறலும் இல்லை; பெயரில் விழுந்துவிட்டது.

இதன் பெரிய வடிவம், ஹார்ட்ஃபோர்டிலிருந்து நதியோடு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில், ஸ்ப்ரிங்ஃபீல்டில் நடந்தது. அங்கே இருந்தது ஸ்மித் & வெஸன். 1965-இல் பாங்கர் புன்டா என்ற கூட்டுக் கம்பெனி அதை வாங்கியது. 1984-இல் லியர் சீக்லர். 1987-இல் பிரிட்டனின் டாம்கின்ஸ், 11.25 கோடி டாலருக்கு. டாம்கின்ஸ் பின்னால் ஒரு பெரிய ரொட்டி நிறுவனத்தையும் வாங்கியது. பங்குச் சந்தையில் அதைப் ‘பன்னிலிருந்து கன் வரை’ விற்கும் கம்பெனி என்று கேலி செய்வார்கள். பாங்கர் புன்டா காலத்துத் துப்பாக்கிகளின் பூச்சையும் பொருத்தத்தையும் குறைசொல்லும் ரசிகர்கள் இன்றும் உண்டு. டாம்கின்ஸ் வந்தபின் புதிய இயந்திரங்கள் வந்தன, தரம் நிமிர்ந்தது என்று சொல்பவர்களும் அவர்களில்தான் இருக்கிறார்கள். ஆக, தரத்தில் அந்த முதலாளி பாஸ்.

2000 மார்ச்சில் கிளிண்டன் அரசோடு ஸ்மித் & வெஸன் ஓர் ஒப்பந்தம் போட்டது: துப்பாக்கிகளில் பூட்டு, விற்பனையாளர்களுக்குக் கட்டுப்பாடுகள்; பதிலுக்கு வழக்குகளிலிருந்து விடுதலை. லண்டனில் உட்கார்ந்து பார்த்தால் கச்சிதமான வணிக முடிவு. அமெரிக்க வாடிக்கையாளருக்கோ அது துரோகம். புறக்கணிப்பு வெடித்தது, விற்பனை சரிந்தது. 2001 மே மாதம் டாம்கின்ஸ் அந்த நிறுவனத்தை 1.5 கோடி டாலருக்கும் கடன் பொறுப்புக்கும் தள்ளிவிட்டது. வாங்கிய விலையோடு வைத்துப் பார்த்தால், கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

வாங்கியது அரிசோனாவின் சேஃப்-டி-ஹாமர், துப்பாக்கிப் பூட்டு செய்த ஒரு சின்னக் கம்பெனி. அதன்பின் வந்த ரிவால்வர்களின் இடப்பக்கத்தில், உருளையைத் திறக்கும் பொத்தானுக்குச் சற்று மேலே, ஒரு சின்னச் சாவித்துளை தோன்றியது. உள்ளே பூட்டு. சுடுவதற்கு அது குறுக்கே நிற்பதில்லை. ஆனாலும் அந்தத் துளை இல்லாத பழைய துப்பாக்கியைத் தேடிப்போய்க் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது பூட்டு அல்ல, ஒரு முதலாளி மாற்றத்தின் தழும்பு. சமூகத்தின் பக்கம் நின்று பார்த்தால் பூட்டு நல்ல விஷயம்தான்; என் கட்சியும் அதுவே. ஆனால் வாங்குபவர் யார், அவர் எதை மதிக்கிறார் என்று தெரியாத முதலாளி, நல்லது செய்தாலும் பெயரைக் கெடுத்துக்கொள்வார்.

வட்டிக்குப் போன காசு

பைத்தான் இறந்துகிடந்த காலத்தில் அதன் பெயர் மட்டும் வளர்ந்தது. 2010-இல் தொடங்கிய ‘தி வாக்கிங் டெட்’ தொலைக்காட்சித் தொடரின் நாயகன் இடுப்பில் பைத்தான் தொங்கியது. அதுவரை கேள்விப்படாத இளைஞர்கள் கடைக்குப் போய்க் கேட்டார்கள். ஆலை செய்யவில்லை. பழையவை ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறின. அதில் ஒரு காசும் கோல்ட்டுக்கு வரவில்லை.

அந்தக் காலத்தில் கோல்ட் என்ன செய்துகொண்டிருந்தது? 2000-களின் தொடக்கத்தில் ராணுவ வேலைக்குக் கோல்ட் டிஃபென்ஸ் என்று தனி நிறுவனமாகப் பிரிந்திருந்தது. 2009-இல் அது 25 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது, வட்டி 8.75 சதவீதம். கணக்குப் போடுங்கள்: வருஷத்துக்கு ஏறக்குறைய 2.2 கோடி டாலர் வட்டி மட்டும். டாம்கின்ஸ் தள்ளிவிட்ட ரொக்க விலைப்படி பார்த்தால், ஸ்மித் & வெஸன் போன்ற ஒரு கம்பெனியையே வருஷாவருஷம் வட்டிக்காரருக்குத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம். புதிய இயந்திரம், புதிய வடிவம், பெஞ்சில் உட்காரப் புதிய பையனுக்குப் பயிற்சி — எல்லாம் அந்த வட்டிக்குப் பின்னால் வரிசையில் நிற்கவேண்டும். 2013-இல் ராணுவத்தின் எம்-4 ரைஃபிள் ஆர்டரும் எஃப்என்னுக்குப் போனது. 2015 ஜூனில் மறுபடி திவால் மனு.

சட்டை உரித்த பாம்பு

2016 தொடக்கத்தில் கடன் குறைந்து வெளியே வந்த நிறுவனம் சின்னதாகத் தொடங்கியது. 2017-இல் கோப்ரா என்ற சிறிய ரிவால்வரைப் புதிய வடிவில் கொண்டுவந்தது. (பழைய கோப்ராவுக்கு ஒரு கறுப்புப் புகழ் உண்டு. 1963-இல் கென்னடி கொலைவழக்கில் கைதான ஆஸ்வால்டை ஜாக் ரூபி சுட்டது அதால்தான்.) பிறகு கிங் கோப்ரா. பிறகு 2020 ஜனவரியில் பைத்தான், 1,499 டாலர் விலையில்.

வெளித்தோற்றம் அதேதான், உள்ளே வேறு பாம்பு. கணினி கட்டுப்படுத்தும் இயந்திரங்களில் கடைந்த பாகங்கள், பழையதைவிட 14 பாகம் குறைவு, பின்பக்கக் குறிகாட்டியின் கீழே கூடுதல் எஃகு. நீலத்துக்குப் பதில் முதலில் துருவேறா எஃகு. முக்கியமாக, ராவிப் பொருத்தும் தேவையைக் குறைத்துவிட்டார்கள். ஆரம்பத்தில் வந்த சிலவற்றில் விசையை இழுத்தும் உருளை சரியாகச் சுற்றவில்லை என்று புகார் கிளம்பியது, கம்பெனி திருத்தியது. பழைய ரசிகர்கள் நிறத்துக்காக ஏங்கினார்கள். சுட்டுப் பார்த்தவர்களில் பலர், பழையதைவிட இது உறுதி என்றார்கள்.

2021-இல் செக் நாட்டின் சிஇசட் குழுமம் 22 கோடி டாலரும் பங்குகளும் கொடுத்துக் கோல்ட்டை வாங்கியது. அடுத்த ஆண்டு தன் பெயரையே கோல்ட் சிஇசட் என்று மாற்றிக்கொண்டது. 1964-இல் நடந்தது மறுபடி நடந்ததுபோலத் தோன்றும். வித்தியாசம் உண்டு. வாங்கியவர்கள் கார்புரேட்டர்காரர்கள் இல்லை. ஊஹெர்ஸ்கி ப்ரோட் என்ற ஊரில் 1936 முதல் துப்பாக்கி செய்பவர்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியில், அரசே முதலாளியாக இருந்தபோது அங்கே உருவான சிஇசட் 75 என்ற பிஸ்டலைப் பல நாடுகள் பார்த்துச் செய்தன. லாபக் கணக்கே பிரதானமில்லாத முதலாளியின் கீழும் முதல்தரப் பொருள் பிறக்கும் என்பதற்கு அது சாட்சி.

ஆகவே முதலாளி தனியாரா, குடும்பமா, அரசா, தொழிலாளியா, உள்ளூரா, வெளிநாடா என்பதில் தரத்தின் ரகசியம் இல்லை. இந்த நிறுவனம் எல்லாரையும் பார்த்துவிட்டது. வாங்கும்போது கணக்கில் வராமல் கூடவே வந்த கைத்திறனை என்ன செய்தார் என்பதே கேள்வி. கோல்ட்டின் முதலாளிகளில் பலர் அதைச் செலவழித்தார்கள், ஒருவர் தெருவில் நிறுத்தினார், இன்னொருவர் வட்டியாகக் கட்டினார். 2015 திவாலுக்குப் பின் வந்தவர்கள், அது தீர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு, அது இல்லாமலேயே செய்யக்கூடிய வேறொரு நல்ல பொருளைச் செய்தார்கள். அது நேர்மையான வழி. ஆனால் பழைய நீலத்தின் விலை ஏன் இறங்கவில்லை என்பதற்கும் காரணம் அதுவே. அந்தக் கை இனி எந்தக் கம்பெனியிடமும் விலைக்கு இல்லை.

ஹார்ட்ஃபோர்டின் நீலக் குவிமாடம் இன்னும் அப்படியே நிற்கிறது. சுற்றியுள்ள இடத்தைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்க 2014-இல் சட்டம் வந்தது. அரமும் மெருகுச் சக்கரமும் ஓடிய பழைய கட்டடங்களில் இப்போது ஆட்கள் குடியிருக்கிறார்கள். துப்பாக்கி அங்கே செய்யப்படுவதில்லை.